ஒலியை அடக்கும் பெட்டி

"குறைகுடம் கூத்தாடும், நிறைகுடம் தளும்பாது" என்பது முதுமொழி. அடக்கமில்லாதவனின் ஆரவாரத்தைச் சுட்ட எழுந்த மொழி அது. குடத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவை நம் முன்னோர் கூர்ந்து கவனித்திருந்தனர் என்பதும் அதிலிருந்து புலனாகிறது. கச்சேரி மேடையிலே கடம் வாசிக்கும் வித்துவான், அதன் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை வேறுபடுத்துகிறார். அங்கே ஒலிப்பது மண் மட்டுமன்று. மண்ணுக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்தே ஒலிக்கிறது.

இந்த உண்மையைக் கல்லூரி வாசலை மிதியாத பலரும் அறிந்திருந்தனர். ஒலிபெருக்கியைத் தனியே கழற்றி, மண்பானையின் வாயிற் பொருத்திப் பாட்டுக் கேட்கும் வழக்கம் தமிழூர்கள் பலவற்றில் இருந்தது. 1990களில் வன்னி நிலம் மின்சாரமின்றி இருளில் இருந்தது. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த சிறிதளவு மின்னைக் கொண்டு வானொலி கேட்டார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஓர் ஓசையின் விலை என்னவென்று அந்தத் தலைமுறை கைநோவால் உணர்ந்திருந்தது.

அந்த மண்பானையின் பேரப்பிள்ளை ஒன்று இன்று மோட்டார் வண்டிக்குள் ஏறி அமர்ந்திருக்கிறது. இளைஞர் அதனைச் 'சப்வூபர் பொக்ஸ்' என்பர். தாழ்ந்த சுருதிகளுக்கென்றே அமைந்த பெரிய ஒலிபெருக்கியை உள்ளடக்கும் பெட்டி அது. அதனைக் கண்ணாடி நாராலே, வண்டியின் மூலைக்கு ஏற்ற வடிவில், கையாற் செய்யும் கலையைப் பற்றியதே இவ்வுரை.

முல்லைத்தீவுப் பட்டினத்துக்கு மேற்கே, முள்ளியவளையை ஒட்டி அமைந்த ஊர் தண்ணீரூற்று. தன் நீர்வளத்தைப் பெயரிலேயே தாங்கிய ஊர். அங்கே சொந்தமாக ஒரு வான் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்குக் கண்ணாடி நார் புதிய பொருளன்று. அவ்வூருக்கு அணித்தான கடற்கரையிலே கட்டுமரமும் மரவள்ளமும் ஓடிய இடத்தில் இன்று 'பைபர்' படகுகள் ஓடுகின்றன. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைச் சிதைத்த பின்னர், உதவியாக வந்து சேர்ந்தவற்றுள் இத்தகைய படகுகளும் பல. படகின் வெடிப்பை நார்ப்பாயும் ரெசினும் கொண்டு ஒட்டத் தெரிந்த கைக்கு, ஒலிப் பெட்டியொன்றைச் செய்வது எட்டாத வித்தையன்று. ஆனால் பெட்டி எதற்காக என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பெட்டியே ஒலியை உண்டாக்குகிறது என்று எண்ணுவோர் உளர். உண்மையில் ஒலியின் ஒரு பாதியை அடக்குவதே அதன் தலையாய கடமை. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று ஐதாகிறது. இவ்விரு அலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒலி காற்றிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கிறது. செக்கனுக்கு 40 முறை அதிரும் தாழ்ந்த ஓசையின் அலை நீளம் எட்டரை மீற்றர், அதாவது 28 அடியளவு. அத்துணை நீண்ட அலைக்கு ஓர் அடி அகலமுள்ள கூம்பு தடையாகாது. பின்னலை சுற்றி வந்து முன்னலையோடு கலந்து அதனை அழித்துவிடுகிறது. ஒலிபெருக்கியை வெறுமனே கையிற் பிடித்துக் கேட்டால் முழக்கம் எழாமைக்குக் காரணம் இதுவே. பின்னலையைச் சிறை செய்தாலன்றி முன்னலை வாழாது.

இன்று வழங்கும் கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்கராகிய ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925இல் வெளியிட்டனர். கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே ஆண்டு டிசெம்பரில் என்பது நினைத்தற்கினிய ஒற்றுமை. 1954இல் எட்கார் வில்ச்சர் என்பவர், காற்றுப்புகாத சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கூம்புக்கு நல்லதொரு வில்லாக நிற்கும் எனக் காட்டினார். அதன் பயனாக, அலுமாரியளவு பெரிய பெட்டிகளின் தேவை குறைந்தது. அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சட் சிமோல் 1970களிலும் பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிடும் முறையை வகுத்தனர். ஆதலால் இன்று ஒலிபெருக்கியோடு வரும் தாளிலேயே அதற்கேற்ற கொள்ளளவு பொறிக்கப்பட்டிருக்கிறது. 10 அங்குல ஒலிபெருக்கிகள் பலவற்றுக்கு மூடிய பெட்டியில் 20 லீற்றர் அளவு காற்றிடம் போதுமானது.

பலகைப் பெட்டி நேர்கோடுகளால் ஆனது. வண்டியின் பின்மூலையோ சில்லின் வளைவும் தகட்டின் மடிப்புமாக நெளிந்து கிடப்பது. கண்ணாடி நார் அந்த நெளிவுக்கெல்லாம் இணங்கிப் படியும். செய்முறை பொறுமையைக் கேட்கும். முதலில் மூலை முழுவதையும் காகித ஒட்டுநாடாவால் மூடி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டுதல் வேண்டும். இல்லாவிடில் ரெசின் தகட்டோடு இறுகிவிடும். பின்னர் நார்ப்பாயைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்து, தூரிகையால் ரெசினை ஊட்டிக் காற்றுக் குமிழிகளை அழுத்தி வெளியேற்றுவர். இரண்டு மூன்று படைகள் இறுகியதும் அது ஓடுபோலக் கழன்று வரும். ஒலிபெருக்கிக்கான பலகை வளையத்தைக் குச்சிகளால் உரிய இடத்திற் தாங்கி நிறுத்தி, வளையத்துக்கும் ஓட்டுக்கும் இடையே துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டி, அதற்கும் ரெசின் ஊட்டுவர். துணி இறுகியபின் மேலும் பல படைகள். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள பாயின் ஒரு படை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பைத் தரும். ஆறு படையாவது இட்டாற்றான் சுவர் உறுதிபெறும். சுவர் அதிர்ந்தால் சிறைப்பட்ட ஒலி சுவர் வழியே தப்பிவிடும். தட்டையான பரப்பைவிட வளைந்த பரப்பு விறைப்பானது. மண்பானை நன்றாக ஒலித்ததன் மறைபொருளும் அதுவே.

இத்தகைய கோணலான கூட்டின் கொள்ளளவை அளப்பது எப்படி? வன்னி விவசாயியின் வீட்டில் அதற்கு விடையுண்டு. பெட்டிக்குள் நெல்லை நிரப்பி, அதனை லீற்றர் அளவையாற் திருப்பி அளந்தால் போதும். ஒலிபெருக்கியின் உடல் அடைக்கும் இடத்தைக் கழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. அளவு குறைந்தால் ஆழ்ந்த ஓசை குன்றும். மிஞ்சினால் கூம்பின் அசைவு கட்டுப்பாடு இழக்கும்.

இனி எச்சரிக்கை. ரெசினை இறுகச் செய்யும் 'ஹார்ட்னர்' லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் அளவிலேயே சேர்க்கப்படும். வன்னியின் நண்பகல் வெப்பத்தில் குறைந்த அளவே போதும். மிகுந்தால் கலவை பாத்திரத்திலேயே கொதித்துப் புகையும். அத்திரவத்தின் ஒரு துளி கண்ணிற் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். அதனையும், ரெசினை விரைவுபடுத்தும் கோபால்ற்றுத் திரவத்தையும் நேரடியாக ஒன்றோடொன்று கலத்தல் வெடிவிபத்துக்கு இடமாகும். ரெசினின் ஆவி தலைசுற்றலைத் தரும். அரம் பிடிக்கும்போது எழும் நார்த்தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. ஆகவே திறந்த வெளி, கண்ணாடி, கையுறை, முகமூடி ஆகிய நான்கும் ரெசினுக்கு முன்னரே வாங்க வேண்டியவை. மாரிமழையின் ஈரக்காற்றும் இவ்வேலைக்குப் பகை. பெட்டி முடிந்தபின், திடீர் நிறுத்தத்தில் அது பாய்ந்து வராதபடி வண்டியோடு ஆணியிட்டு முறுக்குவதும், மின்கலத்துக்கு அருகிலேயே கம்பியில் உருகி பொருத்துவதும் மறக்கலாகாதன.

இத்துணை உழைத்துச் செய்த பெட்டியை எவ்வளவு உரக்க ஒலிக்க விடலாம்? அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரமே காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் உயரும்போதும் அந்நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல்லுக்கு வந்தால் எஞ்சுவது 15 நிமிடமே. உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. உள்ளே முழக்கம் நிறைந்த வானுக்கு, மாங்குளத்துப் புகையிரதக் கடவையில் வண்டியின் ஊதல் கேளாது போகலாம். ஊருக்குள்ளும் எல்லை உண்டு. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது என்பதை உயர் நீதிமன்றம் 2007இல் பொதுவிதியாக வகுத்தது.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றது அந்தக் கடற்கரையிலேதான். தொலைவிலிருந்து வரும் தாழ்ந்த முழக்கம் அங்குள்ளோர்க்குப் பாட்டாக ஒலியாத காலம் ஒன்று இருந்தது. சுவரை அதிர்த்தும் ஓசை கேட்டால் இன்றும் துணுக்குற்று எழும் முதியவர்கள் எத்தனையோ வீடுகளில் இருப்பர். வீதியால் விரையும் இளைஞருக்கு அது தாளம். திண்ணையிற் படுத்திருக்கும் தாய்க்கு அது வேறு.

ஆதலால் தண்ணீரூற்று இளைஞர் தம் பெட்டியை நன்றாகவே செய்யட்டும். நாரும் ரெசினும் கலந்து உருவம் படைக்கும் அந்தக் கைத்திறன் நாளை ஒரு படகையும் செப்பனிடும்; ஒரு குடும்பத்துக்குச் சோறும் போடும். நன்றாகச் செய்த பெட்டியின் இலக்கணம், உள்ளே அடைபட வேண்டியதை வெளியே கசிய விடாமை. அதனை உடையவர்க்கும் அவ்விலக்கணம் பொருந்துவதாக. வானின் கண்ணாடி மூடியிருக்க, பாட்டு உள்ளேயே நின்று உடையவர் நெஞ்சை நிறைக்க, வீதியோரத்து வீடு தூக்கம் கலையாதிருக்குமாயின், அந்தப் பெட்டி நிறைகுடமே.