ஐம்பது வயது வண்டிக்கும் பிரேக் பிடிக்க வேண்டும்

பழைய கார்களுக்குத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்குத் தரலாமா என்பது இன்றைய கேள்வி. நம் ஊர்ப் பேச்சில் கேட்டால், ஐம்பது வயது அம்பாசடருக்கு எஃப்.சி. தேவையா, இல்லையா? தேவை என்பது என் கட்சி. நேற்று ஷோரூமிலிருந்து வந்த காருக்கு வைக்கும் அளவுகோலை அதற்கும் வைக்கச் சொல்லவில்லை. அதன் காலத்துக்கு ஏற்ற சோதனை போதும். யாரும் அடியில் குனிந்து பார்க்கவே வேண்டாம் என்று சட்டம் எழுதித் தருவதைத்தான் ஏற்க முடியவில்லை. அப்படி எழுதிக் கொடுத்த நாடு பிரிட்டன். ஆகவே வழக்கை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டனில் எம்.ஓ.டி. என்ற வாகனச் சோதனை 1960-இல் வந்தது. அது முதலில் யாருக்காக வந்தது தெரியுமா? பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்காக. பழைய வண்டிதான் ஆபத்து என்று கருதியே அந்தச் சோதனை பிறந்தது. தொடங்கியதும் வண்டிகள் வரிசையாகத் தோற்றன. அதைப் பார்த்துத் திகைத்த அரசு 1961 முடிவதற்குள் பத்து வயதை ஏழாகக் குறைத்தது, 1967-இல் மூன்றாக்கியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு காற்று திசை மாறியது. 2012 நவம்பரில், 1960-க்கு முன் தயாரான வண்டிகளுக்குச் சோதனை வேண்டாம் என்றார்கள். 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத, நாற்பது வயதைத் தாண்டிய எந்த வண்டிக்கும் வேண்டாம் என்றார்கள். இந்த இரண்டாவது முடிவுக்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விலக்கை எதிர்த்தார்கள். ஆனாலும் விலக்கு வந்தது. கருத்துக் கேட்பு என்பது எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது போலும்.

விலக்குக்கு ஆதாரமாக 2012-இல் பிரிட்டன் போக்குவரத்துத் துறை வைத்த கணக்கைப் பார்ப்போம். 1960-க்கு முந்தைய வண்டிகள் உரிமம் பெற்ற மொத்த வாகனங்களில் 0.6 சதவீதம், ஆனால் ஆட்கள் காயமடைந்த விபத்துகளில் அவற்றின் பங்கு 0.03 சதவீதம்தான். சோதனையில் முதல் முறையே தோற்றவை, பழைய வண்டிகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. பிற்கால வண்டிகளில் முப்பது சதவீதத்துக்கும் மேல். கேட்டதும் வழக்கு முடிந்துவிட்டது போலத்தான் தோன்றும். விபத்துப் பங்கு இருபதில் ஒன்று அல்லவா? ஆனால் இந்தக் கணக்கு வண்டிகளை எண்ணுகிறது, அவை ஓடிய தூரத்தை எண்ணவில்லை. விபத்து கொட்டகையில் நடப்பதில்லை, சாலையில்தான் நடக்கிறது. பிரிட்டனில் சராசரிக் கார் ஆண்டுக்கு ஏழாயிரம் மைலுக்கு மேல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்காகக் காத்திருந்து வெளியே வரும் பழைய கார் ஆண்டுக்கு 350 மைல் ஓடினால், அந்த இருபது மடங்கு பெருமை முழுவதும் கரைந்துபோகும். அதைவிடக் கூடுதலாக ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கொஞ்சம் நன்மை மிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் மேடையில் காட்டிய இருபது மடங்கு மிஞ்சாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று அந்தக் கணக்கில் இருக்கிறது. அந்த எண்கள் எப்போது திரட்டப்பட்டவை? சோதனை கட்டாயமாக இருந்த காலத்தில். ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் வண்டியின் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார் என்று தெரிந்ததால், உரிமையாளர் முன்கூட்டியே பிரேக்கைச் சரிசெய்துகொண்டு போனார். அதனால் தோல்வி குறைந்தது, விபத்தும் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டுச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவரிடம், உங்களுக்குத்தான் சர்க்கரையே இல்லையே, இனி மாத்திரை எதற்கு என்று கேட்டால் எப்படி? தவிர, பத்து சதவீதத்துக்குக் குறைவு என்பதும் சின்ன எண் இல்லை. ஆசை ஆசையாகத் துடைத்து, கழுவி, சோதனைக்கென்றே தயார்செய்து கொண்டுபோன வண்டிகளிலும் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று முதல் முறை தேறவில்லை என்றுதானே அதற்குப் பொருள்? அந்த ஒன்றைக் கண்டுபிடித்தது எது? எந்தச் சோதனையை வேண்டாம் என்றார்களோ, அதே சோதனை.

"அதிகம் ஓடாத வண்டி, தேய்மானம் குறைவு" என்று சொல்கிறவர்கள் உண்டு. மெக்கானிக் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஓடாத வண்டிதான் சில வகையில் வேகமாகக் கெடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும்; அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவேற்றி பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வெடிப்பு விடும். டயருக்குக் கிலோமீட்டரைப் போலவே வருடமும் கணக்கு: பட்டன் முழுசாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறது. பிரிட்டனில் 2021 முதல் பத்து சதவீதம், இந்தியாவில் இருபது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இதற்கெல்லாம் மேலே ஒன்று: அந்தத் தலைமுறைக் கார்கள் பலவற்றில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்று. எங்கேயோ ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். புதிய காரில் ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும். காப்பாற்ற இன்னொன்று இல்லாத வண்டிக்குத்தான் சோதனை வேண்டாம் என்கிறோம்.

அடுத்த மறுப்பு நியாயமானது. "சீட் பெல்ட் இல்லாமலே பிறந்த காரில் சீட் பெல்ட் எங்கே என்று கேட்பார்கள், புகை அளக்கும் கருவியை வைத்தால் எந்தப் பழைய காரும் தேறாது, சோதிக்க வரும் இளைஞர் கார்புரேட்டரையே பார்த்திருக்க மாட்டார்." இது சோதனையின் முறைக்கு எதிரான வாதம், சோதனைக்கே எதிரான வாதம் ஆகாது. பிரிட்டனிலேயே 1975 ஆகஸ்டுக்கு முந்தைய கார்களுக்குப் புகையைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றுதான் விதி இருந்தது. ஜெர்மனி இதை இன்னும் தெளிவாகச் செய்கிறது. அங்கே முப்பது வயதைக் கடந்து, அசல் நிலையில் பேணப்பட்ட காருக்கு, எண்ணின் கடைசியில் எச் என்ற எழுத்துடன் தனிப் பலகை உண்டு; 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. வரியில் சலுகை உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் போகலாம். தயாரிப்பின்போது சீட் பெல்ட் இல்லையென்றால் இப்போதும் கேட்பதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். பல லட்சம் பழைய கார்கள் இந்த ஏற்பாட்டுக்குள் நலமாக ஓடுகின்றன. பாரம்பரியம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. அங்கே சோதிக்கும் தியூஃப் அமைப்பின் வேர், 1865-இல் மான்ஹைம் நகர மதுவடிப்பு ஆலையில் கொதிகலன் வெடித்த பிறகு, முதலாளிகளே சேர்ந்து தொடங்கிய கண்காணிப்புச் சங்கத்தில் இருக்கிறது. தன் சொத்தைத் தானே பார்த்துக்கொண்டால் போதாது, வேறு கண் வேண்டும் என்பதை அந்த ஆலைக்காரர்கள் வெடிச்சத்தத்துக்குப் பிறகு புரிந்துகொண்டார்கள்.

"உரிமையாளர் பிள்ளையைப் போல் வளர்க்கிறார், அவரைவிட அக்கறை யாருக்கு?" இதுதான் உணர்ச்சியைத் தொடும் வாதம். உண்மையும்கூட. ஆனால் சட்டம் விலக்குத் தருவது வண்டிக்கு. சொல்லும் காரணமோ உரிமையாளரின் அக்கறை. வண்டி கைமாறும்போது அக்கறை கூடவே கைமாறுவதில்லை. நாற்பது ஆண்டு பேணியவர் காலமான பிறகு, அவர் மகனோ, இணையத்தில் படம் பார்த்து வாங்கியவரோ ஓட்டும்போது, அடிச்சட்டத்தில் எங்கே துரு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெயின்டும் குரோமும் பளபளக்கும். டை ராடு ஆடுவது உள்ளே உட்கார்ந்தால் தெரியாது. சோதனை இல்லாவிட்டாலும் வண்டியைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு சட்டப்படி உண்டே, ஆபத்தான நிலையில் ஓட்டினால் பிரிட்டனில் 2,500 பவுண்ட் வரை அபராதம் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான் விசாரிக்கப்படும். காருக்கான எம்.ஓ.டி. கட்டணத்தின் உச்சவரம்பு 54.85 பவுண்ட். இதை மிச்சப்படுத்தத்தானா இவ்வளவு வாதம்? எதிரே சைக்கிளில் வருகிறவர் இந்தப் பொழுதுபோக்கில் பங்கு கேட்கவில்லை. அதன் ஆபத்தில் மட்டும் அவருக்குப் பங்கு இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து ஆண்டு. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். மக்கள் அவருக்கு வைத்த அந்தப் பெயரே, எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. 2021-இல் மத்திய அரசு பழமை வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது: ஐம்பது வயது ஆன வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருந்தால், வி.ஏ. எழுத்துகளுடன் தனி எண். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, பழமைக் கார் ஊர்வலம், பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் கூடாது. பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியதில் இது பிரிட்டனைவிட மேல்; அதைப் பாராட்டுகிறேன். ஆனால் பதினாறு வயது மாருதிக்கு ஐந்து ஆண்டு, அறுபது வயது ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பத்து ஆண்டு என்ற இடைவெளி எனக்கு விளங்கவில்லை. விதியின் அக்கறையெல்லாம் கார் அசலாக இருக்கிறதா என்பதில். நிற்குமா என்பது பின்னுக்குப் போய்விட்டது. ஊர்வலத்துக்குப் போகும் கார் பொதுச்சாலை வழியாகத்தானே போகிறது? இன்னொன்றையும் யோசியுங்கள். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். 2033 டிசம்பரில் முதல் மாருதிகளுக்கு ஐம்பது நிறையும். லட்சக்கணக்கில் விற்ற காரும் அன்றைக்குப் பழமைச் சின்னமாகும் தகுதி பெற்றுவிடும். ஆண்டுதோறும் நகரும் வயதுக்கோட்டில் இது நடந்தே தீரும்.

ஆகவே நான் கேட்பது சிறிய திருத்தம். வி.ஏ. பதிவும், கட்டணமும், பயன்பாட்டு வரம்பும் அப்படியே இருக்கட்டும். அத்துடன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, சேசிஸ் துரு, எரிபொருள் குழாய் ஆகியவற்றை மட்டும் பார்க்கும் அரை மணி நேரச் சோதனை. புகை அளவும் சீட் பெல்ட்டும் தயாரிப்புக் காலத்து நிலைப்படி. சோதிக்கிறவர் இந்த வண்டிகளை அறிந்தவராக இருக்க, பழமைக் கார் சங்கங்களின் மூத்த மெக்கானிக்குகளை அரசு அலுவலருடன் அமர்த்தலாம். கார்புரேட்டர் தெரிந்த கைகள் இன்னும் பத்து ஆண்டில் அரிதாகிவிடும், அந்த அறிவுக்கும் ஓர் இடம் கிடைக்கும். 2021 விதியின்படி முதலில் பதிவான வண்டிகளுக்குப் பத்தாண்டு முடிந்து மறுபதிவு 2031-இல் தொடங்கும். அந்தப் படிவத்தோடு சோதனைத் தாளும் சேர வேண்டும் என்ற மனுவை, கார் வைத்திருக்கும் நண்பர்களே முதல் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.