தாத்தா துப்பாக்கி பரணில் கிடந்தால் பேரன் மேல் வழக்கு!

(ஓசூர் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகி முற்றினால் நமக்குத் தூக்கம் போச்சு. பன்னர்கட்டா காட்டிலிருந்து யானை வருது. காட்டுப்பன்றி வருஷம் பூரா வருது. அதனால்தான் நம்ம தாத்தாமார் லைசென்ஸ் வாங்கி, மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி வெச்சிருந்தாங்க.

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அவர் காலமானதும் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு உங்க பெயருக்கு மனுப் போடுங்க.

துருப்பிடிச்ச குழலை சிப்காட் பக்கம் லேத் பட்டறையில் சரிபண்ண நினைக்காதீங்க. துப்பாக்கி பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் வேணும். அரிச்சுப்போன குழல் வெடிச்சா, போறது உங்க கையும் கண்ணும்தான்.

1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே பயிர்ப் பாதுகாப்புக்கு இந்தத் துப்பாக்கியை அனுமதிக்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல. அதே நேரம், லைசென்ஸ் இருக்குன்னு யானையைச் சுட முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. யானையைத் தடுக்க வேண்டியது அரசாங்கம்.

வாரிசு மனுக்களை இழுத்தடிக்காதே!
அகழியையும் சோலார் வேலியையும் சரிசெய்!
பயிர்ச்சேத இழப்பீட்டைக் காலத்தோடு கொடு!