வீடற்றவனின் வரவு செலவு

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வருகின்ற மகோற்சவ காலத்திலே கோவில் வீதியில் இரந்து நிற்போருக்குச் சில்லறைக் காசு கொடுப்பதை நிறுத்தி, நம் சங்கத்தின் முத்திரை பொறித்த உணவுச் சீட்டுக்களைக் கொடுக்கலாம் என்றொரு பிரேரணை நம் முன் இருக்கிறது. சீட்டைக் காட்டிக் குறித்த கடையிலே சோறு வாங்கிக்கொள்ளலாம். காசாயின் கள்ளுக்குப் போய்விடும் என்பது அதன் நியாயம். நல்லெண்ணத்தோடு வந்த பிரேரணைதான். ஆயினும் நாம் அதனை எதிர்த்துப் பேசவே எழுந்திருக்கிறோம். இரத்தல் இழிவா, ஈதல் கடனா என்பவற்றைப் பெரியோர்கள் நம்மினும் நன்கறிவார்கள். வள்ளுவரும் 'இரவு' என ஓர் அதிகாரமும், அதனையடுத்து 'இரவச்சம்' என ஓர் அதிகாரமும் வகுத்து வைத்திருக்கிறார். நாம் பேச வந்தது வெறுங் கணக்கு.

வீடு என்பது மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் இடம் மாத்திரமா? கணக்குப் பார்ப்பவனுக்கு அது ஓர் அடுப்பு, ஒரு பெட்டகம், ஒரு கிணறு, ஒரு விலாசம். அடுப்புடையவன் அரிசியும் விறகும் வாங்கி ஒரு குடும்பத்துக்கே உலை வைக்கிறான். அடுப்பில்லாதவன் தன் ஒருவன் பசியைக் கடைச் சோற்றினால் ஆற்றவேண்டும். அரிசி விலையோடு கடைக்காரரின் வாடகையும் வேலையாளின் கூலியும் இலாபமும் அவன் தலையில் விழுகின்றன. பெட்டகமுடையவன் விலை மலிந்த நாளில் மூட்டையாக வாங்கி வைக்கிறான். மற்றவன் அன்றன்றைக்கு அன்றைய விலையில் வாங்குகிறான். மிஞ்சியதை நாளைக்கென்று வைத்தால் நாய் தின்னும், அல்லது பக்கத்திற் படுத்தவன் எடுத்துக்கொள்வான். கிணறுடையவன் குளித்து, தோய்த்துலர்ந்த உடையோடு வேலை கேட்கப் போகிறான். அழுக்குடையோடு வந்தவனைப் படலையிலேயே திருப்பி அனுப்புகிறோம். (நாம்தான், வேறு யார்?) விலாசம் இல்லாதவனுக்குக் கடிதம் வராது, வங்கியிற் கணக்குத் திறப்பதும் எளிதன்று. வறியவனுக்குச் செலவு குறைவு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒரே பொருளுக்கு அவனே நம்மிலும் அதிகம் கொடுக்கிறான்.

உறக்கத்துக்கும் விலையுண்டு. ஜோர்ஜ் ஓர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் பர்மாவிலே பொலிஸ் உத்தியோகம் பார்த்து, அதனை வெறுத்து விட்டு, பின்பு கந்தலுடுத்து நாடோடிகளோடு கூடித் திரிந்தவர். அந்த அனுபவத்தை 1933 ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அக்கால இலண்டனில் 2 பென்ஸ் கொடுத்தால், வாங்கிலே வரிசையாய் இருந்து, முன்னே கட்டிய கயிற்றின்மேற் சாய்ந்து உறங்கலாம். விடியற்காலையிற் கயிற்றை அறுத்துவிடுவார்கள். 4 பென்சுக்கு ஒரு மரப்பெட்டியும் மூடத் தார்ச்சீலையும். கட்டில் வேண்டுமாயின் 7 பென்ஸ் முதல் 1 சிலிங் 1 பென்னி வரையில். இலவச விடுதிகளும் இருந்தன. ஆனால் மடியில் 8 பென்சுக்கு மேலிருந்தால் அங்கே இடமில்லை! நாலு காசு சேர்த்தவனுக்குப் படுக்கை மறுக்கப்பட்டது. அன்றியும், ஒரே விடுதிக்கு மாதத்தில் ஒரு முறைக்கு மேற் போகலாகாது. ஆதலின் இன்று இவ்வூர், நாளை அடுத்த ஊர் என்று நடந்துகொண்டே இருக்கவேண்டும். பகல் முழுவதும் நடப்பவன் எந்நேரத்தில் வேலை தேடுவான்? பிறகு அவனைச் சோம்பேறி என்பார்கள்.

நம் பிரேரணைக்கு நேரே உரிய செய்தியும் அந்நூலில் இருக்கிறது. ஒரு விடுதியை விட்டுப் புறப்படுகையில் நாடோடிகளுக்கு 6 பென்ஸ் பெறுமதியான உணவுச் சீட்டுக் கொடுத்தார்கள். குறித்த கடைக்காரரோ அப்பெறுமதிக்கு உணவு வைக்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஏறத்தாழ 2 பென்ஸ் அவரிடமே நின்றுவிட்டது. காசு கையிலிருந்தால் "வேண்டாம்" என்று அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். சீட்டுக்காரன் எங்கே போவான்? நம்மூர்க் கடைக்காரர் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மகோற்சவ காலத்திலே சோற்றுக்கு எங்கே பஞ்சம்? மடங்களிலே அன்னதானம் நடக்கிறது, தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கின்றன. அந்நாட்களில் அவனுக்குக் கிடைக்காத பொருள் காசு ஒன்றே. அதைக் கொண்டுதான் சாரமும் செருப்பும் வாங்கவேண்டும், மருந்து வாங்கவேண்டும், பஸ் ஏறி அடுத்த கோவிலுக்குப் போகவேண்டும், மாரி காலத்தில் வீதியில் ஒருவரும் இல்லாத நாட்களைக் கழிக்கவேண்டும். சோறு மலிந்த இடத்திற் சோற்றுச் சீட்டுக் கொடுப்பது கிணற்றடியில் நிற்பவனுக்குத் தண்ணீர் அளப்பது போலாகும்.

சட்டமும் அவன் செலவைக் கூட்டுவதே. இரத்தலைக் குற்றமாக்கிய 1824 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தினால், இலண்டனில் இரப்போர் தீப்பெட்டி விற்பவர் போலவும் பாடகர் போலவும் வேடம் பூண்டனர். நம் நாட்டிலும் 1841 ஆம் ஆண்டு முதலாக அத்தகைய கட்டளைச் சட்டம் ஒன்று எழுதப்பட்டது. மறைந்து செய்யவேண்டிய தொழிலுக்கு ஓட்டமும் பயமும் மேலதிகச் செலவு.

கள்ளைப் பற்றிச் சொல்லாது விட்டால் பெரியோர்கள் விடமாட்டார்கள். சிலர் குடிக்கிறார்கள், மறுக்கவில்லை. நம் கொடுப்பனவில் ஒரு பங்கு அவ்வழியே போகும். ஆனால் குடிப்பவனுக்காகக் குடிக்காத கிழவியின் கையையும் கட்டுவது எந்தக் கணக்கு? சீட்டையும் பாதி விலைக்கு விற்றுக் குடிக்கலாம் என்பதைக் குடிகாரனுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சீட்டு அச்சிடவென்று ஒதுக்கிய பணத்துக்கு வேறு வழி சொல்லுகிறோம். சங்க மண்டபத்தின் பின் விறாந்தையிலே பூட்டுள்ள ஓர் அலுமாரி வைத்து, தட்டுத் தட்டாக இலக்கமிட்டு, அவர்களுடைய மூட்டை முடிச்சுக்களைப் பகலில் வைக்க விடலாம். கிணற்றடிக்கு ஒரு தட்டி மறைப்புக் கட்டி, விடியற்காலையில் இரண்டு மணி நேரம் குளிக்க விடலாம். விரும்புவோர் தம் கடிதங்களைச் சங்கத்தின் விலாசத்துக்கு வருவித்துக்கொள்ளலாம். பிரித்துக் கொடுக்கும் வேலையை இளைஞர் இருவர் முறைவைத்துச் செய்யலாம், அதில் முதல் முறைக்கு நாம் வருகிறோம். அலுமாரியின் விலையைத் தச்சரிடம் விசாரித்து அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருவோம். அதுவரையிற் பிரேரணையை வாக்கெடுப்புக்கு விடாது ஒத்திவைக்கும்படி தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.