வாசலில் தேங்கும் தண்ணீர்

(வளர்கல்வி மையக் கூட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)

 

நாம் பாத்திரம் கழுவுகிறோம். துணி துவைக்கிறோம். குளிக்கிறோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பல வீடுகளில் வாசலிலேயே நிற்கிறது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகிறது. உடனே சண்டை வருகிறது. ஒன்றாகப் பழகிய இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் போகின்றன.

தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது பறக்கும் கொசுவாகிவிடும். சாக்கடையில் வளரும் கொசு யானைக்கால் நோயைப் பரப்பும். சுவரோரம் தண்ணீர் நின்றால் அஸ்திவாரம் ஊறும். மண்சுவராக இருந்தால் இடிந்து விழும். உள்ளே நம் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. நாமே செய்யலாம்.

முதலில் சரிவு. மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுவரோரம் மண் கொட்டி, கெட்டித்து மேடாக்குங்கள். சுவரிலிருந்து 10 அடி தள்ளி வரும்போது தரை 6 அங்குலம் இறங்க வேண்டும். இடம் குறைவா? 5 அடிக்கு 3 அங்குலம் இறங்கட்டும். கண்ணுக்கு மட்டம் சரியாகத் தெரியாது. கொத்தனாரின் டியூபில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள்.

அடுத்தது உறிஞ்சுகுழி. முதலில் மண்ணைச் சோதியுங்கள். ஓர் அடி ஆழம் தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வற்றியதும் மறுபடி ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழி வேண்டாம். களிமண்ணில் இப்படித்தான் நிற்கும். அங்கே வாழை, சேம்பு, கல்வாழை நட்டுத் தண்ணீரைப் பாய்ச்சுங்கள்.

தண்ணீர் இறங்கும் மண்ணா? 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். அடியில் பெரிய கல், நடுவில் உடைந்த செங்கல், மேலே சிறு ஜல்லி போடுங்கள். ஒரு பானையின் அடியில் ஓட்டைகள் போட்டு, தேங்காய் நார் நிரப்பி மேலே வையுங்கள். தண்ணீர் அந்தப் பானை வழியாகவே இறங்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் நாரில் தங்கிவிடும். 15 நாளுக்கு ஒருமுறை நாரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் குழி அடைத்துக்கொள்ளும்.

இந்த விஷயங்களை மறக்காதீர்கள். குழி கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் 30 அடிக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி வெட்டக் கூடாது. கக்கூஸ் தண்ணீரை இதில் விடக் கூடாது. கூரையில் விழும் மழைத் தண்ணீருக்கும் தனி வாய்க்கால் வேண்டும்.

மகாராஷ்டிராவில் நாந்தேட் மாவட்டம் இருக்கிறது. 2010க்குப் பிறகு அங்கே பல கிராமங்களில் வீட்டுக்கு வீடு இப்படிக் குழி வெட்டினார்கள். தெருவில் ஓடிய சாக்கடை நின்றது. கொசு குறைந்தது. ஒரு வீடு மட்டும் வெட்டினால் போதாது. பக்கத்து வீட்டுக் கொசு நம்மையும் கடிக்கும். அதனால் சண்டை போட்ட வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள். சேர்ந்து வெட்டினால் கூலியும் மிச்சம், உறவும் மிச்சம்.

தெருச் சாக்கடை மட்டும் நம் கையில் இல்லை. அது பஞ்சாயத்தின் வேலை. அதற்கு மனு எழுதுவோம். எங்கே தண்ணீர் நிற்கிறது, எத்தனை வீட்டுக்குக் கஷ்டம் என்று தெளிவாக எழுதுவோம். கிராம சபையில் எழுந்து படிப்போம். கைநாட்டு வேண்டாம். ஒவ்வொருவரும் நம் பெயரை நாமே எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.