ஒரு பழைய துப்பாக்கியின் தழும்புகள்



வகுப்பறையில் துப்பாக்கிப் படமா என்று சிலர் தயங்குவது தெரிகிறது. நியாயமான தயக்கம்தான். ஆனாலும் ஒரு பொருளைச் சான்றாகப் படிக்கப் பழக்க, பதினோராம் வகுப்பில் இந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய வகை இது. குழல் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் நீளும். உள்ளே சுருள் பள்ளங்கள். கையால் வார்த்த ஈயக் குண்டில் ஒரு பக்கம் சற்றுக் கனமாக இருக்கும். சுழலாமல் போனால் ஒரே பக்கம் ஒதுங்கும். எண்ணெய்த் துணியில் பொதிந்து செலுத்தினால் பள்ளங்களைப் பற்றிச் சுழன்றபடி செல்லும், அந்தக் கோணல் எல்லாத் திசைக்கும் சமமாகிவிடும். பம்பரம் விட்ட பிள்ளைகளுக்கு அச்சு, சுழற்சி என்று சொன்னால் உடனே புரியும்.

இப்போது விசைக்கு மேலுள்ள இரும்புத் தகட்டைப் பாருங்கள். பயனற்ற சில துளைகள் தெரிகின்றனவா? சிக்கிமுக்கிக் கல் உரசி, சிறு கிண்ணியிலுள்ள மருந்தில் பொறி விழும் அமைப்பு அங்கே இருந்தது. விசையை இழுத்த பிறகு நொடிப்பொழுது தாமதம்; கண்ணெதிரே தீப்பிழம்பு; மழை வந்தால் மருந்து நனைந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் அதைக் கழற்றிவிட்டு, சுத்தியலால் அடித்தால் வெடிக்கும் சிறு தாமிரத் தொப்பியைப் பொருத்தினார்கள். தீபாவளிப் பொட்டு வெடியின் தத்துவமேதான்.

இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள் இன்னும் மாற்றினார்கள். கனத்த குழல் போட்டார்கள், குறிபார்க்கச் சிறு துளை வைத்தார்கள். குண்டைத் திணிக்கும்போது குழல் வாய் தேயாதிருக்க, கழற்றக்கூடிய போலி வாய் ஒன்றுக்கு ஆல்வன் கிளார்க் 1840இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் தொலைநோக்கிக்குக் கண்ணாடி வில்லை செய்து புகழ்பெற்றவரும் இவரே. அவர்கள் செய்த 18½ அங்குல வில்லையைச் சோதிக்கும்போதுதான், 1862இல் அவருடைய மகன் சிரியஸ் விண்மீனின் மங்கலான துணையைக் கண்டார். வில்லையைத் தேய்த்த கைக்குத் துல்லியம் முன்பே பழக்கம்!

இத்தகைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர் சிலர் துளைகளை அடைத்து, மீண்டும் சிக்கிமுக்கி அமைப்பைப் பொருத்திவிடுகிறார்கள். பழைய தோற்றத்துக்கு விலை கூடுதல். எனக்கு இதில் உடன்பாடில்லை. அரை நூற்றாண்டு வரலாறு அந்தத் துளைகளோடு மறைந்துபோகிறது. வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு மாணவி எழுந்தாள்.

“பழையபடி ஆக்குவதென்றால், எந்த வருஷத்துப் பழையபடி சார்?”

அடுத்த வகுப்புக்கு அதையே தலைப்பாகக் கரும்பலகையில் எழுதினேன்.