விளக்கு எரியாதபோது எங்கே பார்ப்பது?



டிரான்சிஸ்டர் என்ற சொல் தோட்டத்து லயங்களுக்குப் புதிதன்று. பேட்டரி போட்டுக் கேட்கும் சிறிய வானொலிப் பெட்டியையே ஒரு காலத்தில் நாம் டிரான்சிஸ்டர் என்று அழைத்தோம். உண்மையில் அது பெட்டிக்குள் இருந்த மூன்று கால் உறுப்பு ஒன்றின் பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947ஆம் ஆண்டு டிசம்பரில் பார்டீன், பிராட்டைன் என்ற அறிஞர்கள் அதனை முதன்முதலாக இயக்கிக் காட்டினார்கள். இன்று அதே உறுப்பு நம் பிள்ளைகளின் பள்ளிப் பைக்குள் வந்துவிட்டது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஆர்டுவினோ போன்ற சிறு பலகைகளைக் கொண்டு, இருட்டியதும் தானே எரியும் வாசல் விளக்கு முதலிய கருவிகளைச் செய்கிறார்கள்.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு விளக்கு எரியாமல் போகும் நாளும் வரத்தான் செய்யும். "பலகை கருகிவிட்டது அப்பா, வேறு வாங்கவேண்டும்" என்பான் மகன். அந்தப் பலகையோ வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கியது. "இதெல்லாம் நமக்கு ஆகிற வேலையா?" என்று தகப்பனார் அலுத்துக்கொள்வார். அந்த ஒரு சொல்லோடு பெட்டியை மூடி வைத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் இத்தகைய வேளைகளில் பலகை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். குறை ஏதோ ஒரு கம்பியிலோ, ஒரு காலிலோ இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் டிரான்சிஸ்டர் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். ஆர்டுவினோ யூனோ பலகையின் ஒரு முனை 5 வோல்ட் கொடுக்கும். 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் கொடுப்பதே அதற்கு நல்லது. 40ஐத் தாண்டினால் முனை கெட்டுவிடும். எல்.இ.டி. பட்டிக்கோ 12 வோல்ட் வேண்டும். ஆகவே இடையில் டிரான்சிஸ்டர் நிற்கிறது. லயத்துக் குழாயைக் குழந்தையின் கைகூடத் திருப்பிவிடுகிறது. உடனே மேட்டிலுள்ள பெரிய தொட்டியின் தண்ணீர் பாய்கிறதல்லவா? அப்படி, பேஸ் என்ற காலில் சிறு மின்னோட்டம் புகுந்தால், கலெக்டர் என்ற காலிலிருந்து எமிட்டர் என்ற காலுக்குப் பெரிய மின்னோட்டம் பாயும்.

நம் மாணவர் பயன்படுத்துவது பி.சி.547 என்ற டிரான்சிஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் முனையிலிருந்து 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கு ஒரு கம்பி. எமிட்டர் பலகையின் கிரவுண்டு முனைக்கு. பட்டியின் கழித்தல் முனை கலெக்டருக்கு. கூட்டல் முனை 12 வோல்ட் அடாப்டருக்கு.

பால் மங்கு நிறையவில்லை என்றால் மரம் பட்டுவிட்டது என்றா சொல்கிறோம்? வெட்டிய கோட்டை மேலிருந்து கீழே பார்த்து வருகிறோம். இங்கும் அதே வழிதான். அதற்கு மல்டிமீட்டர் என்ற அளவுக்கருவி வேண்டும். விலை மலிந்ததே போதும். அதை நேர்மின்சாரம் 20 வோல்ட் என்ற இடத்தில் வைக்கவேண்டும். சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருகக்கூடாது. அப்படிச் செருகி அளந்தால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து உள்ளதையும் கெடுத்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அடாப்டரைத் திறக்கவேண்டாம். அதற்குள் இருப்பது வீட்டு மின்சாரம். அங்கே பழகிப் பார்க்க இடமில்லை.

சோதனை முடியும்வரை, முனை எப்போதும் எரிநிலையில் இருக்கும்படி நிரலை மாற்றிக்கொள்வது நல்லது. மீட்டரின் கறுப்புக் கம்பி பலகையின் கிரவுண்டு முனையிலேயே இருக்கட்டும். சிவப்புக் கம்பியை மட்டும் நகர்த்துவோம்.

முதலில் பலகையின் முனை. 5 வோல்ட் அளவில் காட்டவேண்டும். ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டுகிறதா? பலகை செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்! சற்றுப் பொறுத்து, அந்த முனையிலிருந்து கம்பியைப் பிடுங்கி, மறுபடி அளந்து பாருங்கள். இப்போது 5 காட்டினால், நிரலில் அந்த முனையை அவுட்புட் என்று அறிவிக்கும் வரி விடுபட்டிருக்கக்கூடும். அறிவிக்காத முனையை எரியச் சொன்னால், சில்லு தனக்குள்ளிருக்கும் 20,000 முதல் 50,000 ஓம் வரையிலான மின்தடை ஒன்றின் வழியாகவே 5 வோல்ட்டைக் காட்டும். மீட்டருக்கு அது போதும், டிரான்சிஸ்டருக்குப் போதாது. விளக்கு எரியாது, அல்லது மினுக்கென்று மங்கலாகத் தெரியும். ஒரு வரியைச் சேர்த்தால் பலகை பிழைத்துவிடும். அந்த வரியும் இருந்து, முனையும் ஒன்றும் காட்டாவிட்டால், வேறொரு முனைக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு முனை கெட்டாலும் மற்றவை பெரும்பாலும் வேலை செய்யும்.

அடுத்து பேஸ். இங்கே ஏறத்தாழ 0.7 வோல்ட் இருக்கவேண்டும். சுழியம் காட்டினால் ரெசிஸ்டரின் கால் துளைப்பலகையில் சரியாகப் பதியவில்லை என்று சந்தேகிக்கலாம். 5 வோல்ட் காட்டினால் எமிட்டர் கிரவுண்டைத் தொடவில்லை, அல்லது டிரான்சிஸ்டர் உள்ளே அறுந்துவிட்டது. நீளமான துளைப்பலகைகள் சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். ஒரு பாதியில் செருகிய கிரவுண்டு மறு பாதிக்குப் போகாது. வெளிப்பார்வைக்கு அது தெரிவதில்லை.

மூன்றாவது கலெக்டர். டிரான்சிஸ்டர் திறந்திருந்தால் இங்கே சுழியத்துக்கு அருகில்தான் காட்டும். பல வோல்ட் காட்டினால் கால்களைப் பாருங்கள். பி.சி.547இன் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பி.என்.2222 என்பதிலோ எமிட்டர், பேஸ், கலெக்டர். இரண்டும் ஒரே உருவம்! புத்தகத்தில் ஒன்றைப் பார்த்து, கடையில் மற்றொன்றை வாங்கி, அப்படியே மாட்டினால் விளக்கு எரியாது, அல்லது மங்கும்.

இனி, குழப்பம் தருகிற ஒன்று. பேஸில் 0.7, கலெக்டரில் சுழியம். எல்லாம் சரி, விளக்கு மட்டும் எரியவில்லை. இப்போது சிவப்புக் கம்பியைப் பட்டியின் கூட்டல் முனையில் வையுங்கள். 12 காட்டவில்லையா? கறுப்புக் கம்பியை எடுத்து அடாப்டரின் கழித்தல் முனையில் வைத்து மீண்டும் அளக்கவும். இப்போது 12 காட்டினால் குறை கிடைத்துவிட்டது. பலகைக்கு மின்சாரம் கணினியிலிருந்து வருகிறது. பட்டிக்கு அடாப்டரிலிருந்து வருகிறது. இரண்டின் கழித்தல் முனைகளையும் யாரும் இணைக்கவில்லை. அடாப்டரிலிருந்து புறப்பட்ட மின்சாரம் விளக்கையும் டிரான்சிஸ்டரையும் கடந்து அடாப்டருக்கே திரும்பவேண்டும். திரும்பும் வழி இல்லையேல் புறப்படவே புறப்படாது. புதிதாகச் செய்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த ஒரு கம்பிதான் என்பது எங்கள் எண்ணம். கழித்தல் முனையைக் கிரவுண்டோடு ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தால் விளக்கு எரியும். 12 வோல்ட் முன்பே சரியாக வந்திருந்தால், பட்டியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எரிந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் ரெசிஸ்டரின் நிறக்கோடுகளைப் பகலில் பாருங்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 1000 ஓம். கடைசிக் கோடு ஆரஞ்சு என்றால் 10,000. மஞ்சள் விளக்கொளியில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

நன்றாக எரிந்து, டிரான்சிஸ்டர் சுடுகிறதென்றால் பட்டி நீளம். சிறிய வகைப் பட்டியில் மூன்று விளக்குகள் கொண்ட ஒரு துண்டு ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர் இழுக்கும். மூன்று துண்டுக்கு 60, பி.சி.547 தாங்கும் எல்லை 100. ஒரு மீட்டர் பட்டி 400ஐத் தொடும். வாசல் முழுதும் ஓடவேண்டுமானால் மாஸ்ஃபெட் என்ற வகையை வாங்கவேண்டும். 5 வோல்ட்டிலேயே முழுமையாகத் திறக்கும் வகைதானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் மாற்றவேண்டும்.

பிறகு சோதனைக்காக மாற்றிய நிரலைப் பழையபடி ஆக்கி, வெளிச்சத்தை உணரும் உறுப்பைக் கையால் மறைத்துப் பாருங்கள். அந்தி வரை காத்திருக்கத் தேவையில்லை.