படிக்கல் இன்றித் தராசைச் சோதித்தல்



தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலோ நெற்களஞ்சியம் ஒன்றிலோ 1,000 கிலோகிராம் நிறுக்கும் மேடைத் தராசு இருப்பதாகக் கொள்வோம். அது மெய் சொல்கிறதா என அறிய விரும்புகிறோம். நியமப் படிக்கற்களோ கைவசம் இல்லை. கொழுந்து பறித்தவளின் கூலியும் நெல் விற்ற உழவனின் வருவாயும் அத்தராசின் சொல்லைப் பொறுத்தவை. படிக்கல் இன்றியே எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், தராசைக் கொண்டே தராசைச் சோதிக்கலாம். ஒரே மூட்டையை மேடையின் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்தால் ஒரே நிறை காட்டவேண்டும். இறக்கியபின் பூச்சியத்துக்கு மீளவேண்டும். பிறகு இரண்டு மூட்டைகளைத் தனித்தனியே நிறுத்து, இரண்டையும் சேர்த்தும் நிறுத்துப் பாருங்கள். கூட்டுத்தொகை ஒத்துவராவிடில் தராசு பழுதுடையது என்பது உறுதி.

ஒத்துவந்தால்? அப்போதும் தராசு சரியென்று கூறிவிட முடியாது. எல்லாவற்றையும் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் காட்டும் தராசு இச்சோதனைகள் யாவற்றிலும் தேறிவிடும். ஒழுங்காகப் பொய் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணையால் மட்டும் பிடிக்க இயலாதன்றோ? வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும்.

அச்சான்று தண்ணீர். 1795இல் பிரெஞ்சுக்காரர் கிராம் என்னும் அலகை வகுத்தபோது, பனிக்கட்டி உருகும் வெப்பநிலையிலுள்ள ஒரு கன சென்ரிமீற்றர் தூய நீரின் நிறை என்றே வகுத்தனர். எனவே வெறும் பீப்பாயை முதலில் நிறுத்துக்கொண்டு, அதனுள் 200 இலீற்றர் நீரை அளந்து ஊற்றினால் 200 கிலோகிராம் கூடவேண்டும் என்று தோன்றும். அவ்வாறன்று. நமது நாட்டு வெப்பத்தில், 30 பாகையில், ஒரு இலீற்றர் நீர் ஏறத்தாழ 995.7 கிராமே. காற்றின் மேலுதைப்பினால் இலீற்றருக்கு இன்னும் ஒரு கிராம் அளவு குறையும். ஆகவே சரியான தராசு 198.9 கிலோகிராம் அளவிலேயே காட்டும். மழைநீர் நன்று, உவர்நீர் கனத்தது. கடல்நீரோ இலீற்றருக்கு ஏறத்தாழ 25 கிராம் கூடியது. அளக்கும் பாத்திரத்திலும் கருத்து வேண்டும். பத்து இலீற்றர்ப் பாத்திரம் ஒவ்வொரு தடவையும் 50 மில்லிலீற்றர் குறைவாய் அளந்தால், இருபது தடவையில் முழு இலீற்றர் ஒன்று போய்விடும்.

மின் தராசுகளில் மற்றொரு வழியுண்டு. அவற்றின் அடியிலுள்ள உலோகத் துண்டு சுமையால் மிகச் சிறிதளவே வளையும். அதில் ஒட்டிய தடைக்கம்பிகள் உவீத்தன் பாலமாக இணைக்கப்பட்டிருக்கும். முழுச்சுமையில் ஒரு வோல்ற்றுக்கு 2 மில்லிவோல்ற்று தரும் என்று செய்தவர் குறித்திருந்தால், 10 வோல்ற்று ஊட்டும்போது 20 மில்லிவோல்ற்று பிறக்கும். அந்த மின்னழுத்தத்தைச் செயற்கையாகக் காட்டிக்குக் கொடுத்து அதனைச் செப்பஞ் செய்வார்கள். சாமர்த்தியமான முறைதான், ஆயினும் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மேடைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கல் சிக்கியிருந்தால், அம்முறை அதை அறியாது. பீப்பாய்த் தண்ணீர் அறியும்.

புவியீர்ப்பும் இங்கே குறுக்கிடுகிறது. லண்டனில் செப்பஞ் செய்த மின் தராசைத் திருத்தாமற் கொழும்புக்குக் கொண்டுவந்தால், 100 கிலோகிராமை ஏறக்குறைய 300 கிராம் குறைத்துக் காட்டும். துருவத்தை விட நிலநடுக்கோட்டருகில் ஈர்ப்புக் குறைவு. இருதட்டுத் தராசுக்கு இத்தொல்லை இல்லை. இரு பக்கமும் ஒன்றாகவே குறைந்துவிடும்.

இவையெல்லாம் ஐயத்தைக் கிளப்பவும், தராசைத் தினந்தோறும் கவனிக்கவும் போதியவை. வாணிபத் தராசுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி முத்திரை பெறுவது வேறு விடயம். அதற்கு நியமப் படிக்கல்லே வேண்டும். ஆனால் முழுச்சுமைக்கும் படிக்கல் தேவையென்பதில்லை. 1,000 கிலோகிராம் படிக்கல்லை ஏற்றி, காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு இறக்குவார்கள். அதே அளவு காட்டும்வரை மணல் மூட்டைகளை ஏற்றி, அவற்றின்மேல் படிக்கல்லை மீண்டும் வைப்பார்கள். இப்போது 2,000 ஆயிற்று. இவ்வாறு படிப்படியாக ஏறிச் சென்று, பாரவண்டிகளை நிறுக்கும் தராசையும் சோதித்துவிடலாம்.